கடலோரச் சிற்றூரில் குடியேறப் போகிறீர்களா? முதலில் கிணற்றைப் பாருங்கள்

"நகர வேலையை விட்டுவிட்டுக் கடற்கரைச் சின்ன ஊரில் வீடு கட்டி வாழ்ந்தால் எப்படி இருக்கும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக மனையே பார்த்து வைத்திருப்பீர்கள். வேதாரண்யம் பக்கத்து மணற்பாங்கான கரையை வைத்துச் சொல்கிறேன். முட்டம் போன்ற பாறைக் கரைக்காரர்கள் கோபிக்க வேண்டாம், அங்கே கணக்கு வேறு. பயமுறுத்துகிறேன் என்றும் நினைக்காதீர்கள். தெரிந்துகொண்டு வந்தால் நிம்மதியாக வாழக்கூடிய ஊர்தான்.

மணலில் இறங்கிய மழைநீர், அடியிலுள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 அடிக்கு நன்னீர் இருக்கும். அதே கணக்கில், இறைத்து இறைத்து மட்டம் அரை அடி இறங்கிப்போனால் அடியிலிருந்து உவர் 20 அடி மேலேறும். ஆகவே "ஆழமா போர் போட்டுடலாம் சார்" என்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். ஆழமில்லாத உறைகிணறு, அரை குதிரைத்திறன் மோட்டார், காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம். அவ்வளவுதான். ஒருமுறை உப்பேறிவிட்டால் பல மழைக்காலம் போனால்தான் தண்ணீர் திரும்பும். குடிக்கக் கொள்ளிடத்துக் கூட்டுக் குடிநீர் வருகிறது, ஆனாலும் கிணறு இல்லாமல் வீடு நடக்காது.

மனைக்குப் பக்கத்தில் இறால் குட்டை இருந்தால் அந்த மனையே வேண்டாம். கேட்காததைச் சொல்கிறேன் என்று தோன்றலாம், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், கரையோர இறால் பண்ணைகளை அகற்றச் சொல்லி 1996 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் 2005-ல் தனிச் சட்டம் வந்து, பதிவு செய்துகொண்டால் நடத்தலாம் என்றாகிவிட்டது. குட்டையிலிருந்து உப்பு ஊறி, பாழாவது அடுத்தவர் கிணறு.

அடுத்தது கான்கிரீட்டுக்குள் வைக்கிற கம்பி. உப்புக் காற்று கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு வீங்கும்போது கான்கிரீட் வெடித்துப் பெயர்ந்து விழும். கடலுக்குத் தள்ளியுள்ள ஊர்களில் விடுகிற 20, 25 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட் கனம், இங்கே போதாது. கடலோரத்துக்கு இந்தியத் தர விதி எம்30 என்ற வலுவான ரகக் கான்கிரீட் கலவையும் 45 மில்லிமீட்டர் கவரும் கேட்கிறது. அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கிற கவர் பிளாக்கை நீங்களே அளந்து பாருங்கள். உவர்நீரில் கலவை போட்டாலோ, கடல் மணல் கலந்தாலோ எந்தக் கவரும் காப்பாற்றாது. கீல், தாழ்ப்பாளுக்கு 316 ரக எவர்சில்வர் வாங்குங்கள், 304 இங்கே பழுப்பேறும். ஏசியின் வெளிப்பெட்டியை மாதம் ஒருமுறை, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவ வேண்டும். பைக் செயினும் அப்படியே. கழுவி, காயவிட்டு, எண்ணெய்.

மீன் தினமும் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது. நாட்டுப்படகு மீன்தான், விலையும் ஏறும்.

புயலுக்கு ஐப்பசிக்கு முன்பே தயாராகுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா வந்தபோது தென்னைகள் வேரோடு சாய்ந்தன, பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. மோட்டாரும் ஓடாது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கிணற்றில் கயிறும் வாளியும் இருக்கட்டும். தென்னை வைத்தால், வளர்ந்து சாய்ந்தாலும் கூரையைத் தொடாத தூரத்தில் வையுங்கள்.