மேகமூட்டமாக இருந்தால் வட சென்னைக் கடலோரத்தில் படம் எடுக்கப் போவது வீணா?

நவம்பரில் இரண்டு நாள் சென்னை வருகிறீர்கள், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலும் எண்ணூரிலும் படம் எடுக்க ஆசை, ஆனால் விட்டுவிட்டு மழை பெய்யும் என்கிறார்கள், பயணத்தைத் தள்ளிப்போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தள்ளிப்போடாதீர்கள். ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவன் நான், பதினோரு வருடமாக இந்தக் கரையில் கேமராவோடு சுற்றுகிறேன், எனக்குக் கிடைத்த நல்ல படங்களில் மேகமே இல்லாத நாளில் எடுத்தவை ஒன்றோ இரண்டோதான்.

சென்னை 13 டிகிரி அட்சரேகையில், நிலநடுக்கோட்டுக்குப் பக்கமாக இருப்பதால் இங்கே சூரியன் சாய்வாக ஏறாது, விறுவிறுவென்று மேலே போய்விடும். உதித்து அரை மணி நேரம் அந்த மஞ்சள் வெளிச்சம் இருக்கும், அவ்வளவுதான். ஏழரை மணிக்கெல்லாம் லாஞ்சின் (விசைப்படகின்) ஒரு பக்கம் வெளுத்துப்போய், மறுபக்கம் கறுப்பாகிவிடும். மேகம் இருந்தால் வெளிச்சம் எல்லாப் பக்கமும் பரவி இறங்கும், ஏலம் கூவுகிறவரின் முகம், ஐஸ் பெட்டி, ஈரமான வஞ்சிரத்தின் பளபளப்பு எல்லாமே தெளிவாக வரும்.

நீங்கள் வருவது வடகிழக்குப் பருவமழைக் காலம். மழை கடலிலிருந்து கரைக்கு வரும், பெரும்பாலும் ராத்திரியிலோ விடியற்காலையிலோ. அதனால் ஐந்தரைக்கே வந்து நின்றுவிடுங்கள். கடலுக்கு மேல் ஒரு இடத்தில் மட்டும் மழை சாம்பல் திரை மாதிரி தொங்கும், பக்கத்திலேயே மேகம் கிழிந்து ஒரு கீற்று வெளிச்சம் தண்ணீரில் விழும், அது இரண்டு மூன்று நிமிடத்தில் மூடிவிடும். அதற்காகத்தான் காத்திருப்பது. எக்ஸ்போஷரை, அதாவது கேமராவுக்குள் விடும் வெளிச்சத்தை, வெளிச்சமான இடத்துக்குத் தகுந்தபடி ஒரு ஸ்டாப் (பாதியாக) குறைத்து வையுங்கள், நிழலைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம், வெளுத்துப்போன மேகத்தை மீட்க முடியாது. போனில் எடுத்தாலும் இதேதான், திரையில் வானத்தைத் தொட்டு வெளிச்சத்தைக் கீழே இழுங்கள்.

அப்புறம், முதுகுப் பக்கம் திரும்பிப் பார்க்கப் பழகுங்கள். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் காசிமேட்டில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவர். செப்டம்பர் மாதம், சாயங்காலம் ஐந்து மணி இருக்கும், மேற்கேயிருந்து இடியோடு மழை வந்து கொட்டித் தீர்த்துவிட்டுக் கடலுக்குள் போய்விட்டது. ஊர்ப் பக்கம் சூரியன் எட்டிப் பார்க்க, நான் அந்தப் பக்கமே கேமராவைத் திருப்பி வைத்துக்கொண்டு நின்றேன். அவர் வலையைக் கீழே வைத்துவிட்டு, "அந்தாண்ட பாரு தம்பி" என்றார். கடலுக்கு மேல் முழு வானவில், அதற்கடியில் கன்னங்கரிய மேகம், முன்னால் வரிசையாக ஃபைபர் படகுகள் வெயிலில் எரிகிற மாதிரி. அவசரமாக ஆறு படம் எடுத்தேன், ஆறிலும் வானவில் இல்லை. ஈரத்தரையின் பளபளப்பைக் குறைக்க லென்ஸுக்கு முன்னால் போலரைசர் என்கிற ஃபில்டர் மாட்டியிருந்தேன், அது இருந்த கோணத்தில் வானவில்லையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. அதைக் கழற்றி எடுத்த ஏழாவது படம் இன்றைக்கும் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

வானவில் எப்போதும் சூரியனுக்கு நேர் எதிரே, அதுவும் சூரியன் அடிவானத்திலிருந்து 42 டிகிரி உயரத்துக்குக் கீழே இருந்தால்தான் தெரியும். நீங்கள் வரும் மாதத்தில் காலை ஒன்பது மணிக்குள் மழையும் வெயிலும் சேர்ந்து வந்தால் கடலை விட்டுவிட்டு ஊர்ப் பக்கம் பாருங்கள், மூன்று மணிக்குப் பிறகு என்றால் கடல் பக்கம்.

மழை விடாமல் பெய்தால் ராயபுரம் ரயில் நிலையத்துக்குப் போய்விடுங்கள். 1856-இல் திறந்தது, தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம். அந்தத் தூண்கள் தேங்கிய தண்ணீரில் தலைகீழாகத் தெரியும் அழகுக்காகவே நான் மழைக்காகக் காத்திருப்பதுண்டு.

எண்ணூர் போகும் வழியெல்லாம் கடல் ஓரத்தில் கருங்கல் கொட்டியிருக்கும். சென்னைத் துறைமுகம் கட்டிய பிறகு தெற்கேயிருந்து வடக்கே நகரும் மணல் அங்கேயே தடுக்கப்பட்டு, வடக்கே கடல் கரையைத் தின்றுகொண்டே வந்ததால் போட்ட கல் அது. நனைந்த கருங்கல்லும் மேலேறும் நுரையும் படத்துக்கு முன்னணியாக அருமையாக இருக்கும், ஆனால் பாசி வழுக்கும், புயல் கூண்டு ஏற்றிய நாளில் அதன் மேல் ஏறவே ஏறாதீர்கள். இடி கேட்டால் டிரைபாடை மடக்கிக்கொண்டு கட்டடத்துக்குள் போய்விடுங்கள். முகத்துவாரத்தில் கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடத்தில் மழைக்குப் பிறகு ஆற்று நீர் ஒரு நிறமாகவும் கடல் வேறு நிறமாகவும் தெரியும், தூரத்தில் அனல் மின்நிலையப் புகைபோக்கிகள். அந்தப் புகைபோக்கிகளைத் தவிர்த்துப் படம் எடுக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும், அவற்றின் நிழலில்தான் அந்த ஆற்றில் இன்னும் இறால் பிடிக்கிறார்கள், அவர்களிடம் கேட்டுவிட்டு, அவர்களையும் சேர்த்து எடுங்கள்.

ஏசி அறையில் தங்கினால் கேமராவைப் பையோடு அரை மணி நேரம் முன்னாலேயே வெளியில் வைத்துவிடுங்கள், இல்லையென்றால் லென்ஸில் ஆவி படிந்து விடியல் முழுக்கப் போய்விடும். திரும்பி வந்ததும் லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் உப்பைத் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் ஒரு முறை.