தவக்காலத்தில் நிறுத்தியவர், ஈஸ்டர் அன்று குடித்தார்

கேள்வி: என் கணவர் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி. ஆண்டுதோறும் தவக்காலத்தின் நாற்பது நாளும் குடிக்கமாட்டார். ஈஸ்டர் அன்று மதியமே மீண்டும் தொடங்கிவிடுவார். இந்த ஆண்டோ மூன்றாம் நாளே உடல் நடுங்கி வியர்த்ததால் அன்றே குடித்துவிட்டார். இப்போது விடியற்காலையில் கத்தி பிடிக்கக் கை நிற்க வேண்டும் என்று ஒரு மடக்கு குடித்த பிறகே தோட்டத்துக்குப் போகிறார். குடியை நிறுத்தியவர்கள் ஒன்றுகூடும் கூட்டங்கள் உண்டு என்று உறவினர் ஒருவர் சொன்னார். அவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது? போனால் எங்கள் தேவாலயப் பங்கில் எல்லாருக்கும் தெரிந்துவிடுமே என்று பயமாகவும் இருக்கிறது.
– ஒரு வாசகி, குலசேகரம்

பதில்: சகோதரி, கூட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்த விடியற்கால மடக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குடிக்காவிட்டால் கை நடுங்குகிறது, குடித்தால் நடுக்கம் நிற்கிறது என்றால் உடல் மதுவைச் சார்ந்துவிட்டது என்று பொருள். இந்த நிலையில் வீட்டிலேயே திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அடுத்த ஓரிரு நாட்களில் சிலருக்குப் புத்தி தடுமாறி, இல்லாத உருவங்கள் கண்ணில் தெரியும். அது உயிருக்கே ஆபத்தான கட்டம். ஆகவே முதலில் ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். மருத்துவரைப் பார்க்கும்வரை ‘இன்றோடு நிறுத்து’ என்று அவரிடம் சத்தியம் வாங்க வேண்டாம். அவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கச் சொல்லும் விளம்பர மருந்துகளின் பக்கமே போகாதீர்கள்.

நீங்கள் கேள்விப்பட்டது பெரும்பாலும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது ஏ.ஏ. கூட்டமாக இருக்கும். 1935-இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில், குடியால் சீரழிந்திருந்த ஒரு பங்குச் சந்தைத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் சந்தித்துப் பேசியதில் தொடங்கிய அமைப்பு அது. கூட்டம் நடக்கும் இடத்தை மனநலப் பிரிவின் ஆலோசகரிடம் கேட்கலாம், ஏ.ஏ.வின் இந்திய இணையதளத்திலும் தேடலாம். போதை மீட்புக்கான 14446 என்ற இலவச எண்ணிலும், மனநல உதவிக்கான 14416 என்ற எண்ணிலும் ஆலோசனை பெறலாம். தேவாலய வளாகங்களிலும் பள்ளி அறைகளிலும் மாலை வேளைகளில் இத்தகைய கூட்டங்கள் நடப்பது வழக்கம் என்பதால் பங்குத்தந்தைக்கும் தெரிந்திருக்கக்கூடும். சிறிய குழுக்கள் இடத்தையும் நேரத்தையும் மாற்றுவதுண்டு. எனவே புறப்படும் முன் தொலைபேசியில் உறுதிசெய்துகொள்ளுங்கள். அப்போதே இரண்டு விஷயங்களைக் கேட்டுவிடுங்கள்: அது யாரும் வரக்கூடிய திறந்த கூட்டமா, குடிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டுமான கூட்டமா என்பது ஒன்று, முடிந்து திரும்பக் கடைசிப் பேருந்து கிடைக்குமா என்பது இன்னொன்று. இரண்டாவது கேள்வியை நான் சும்மா சொல்லவில்லை. பேருந்தைத் தவறவிட்டுக் கடைத்தெருவில் நிற்க நேரும் இரவு, புதிதாக நிறுத்தியவருக்கு நல்ல இரவு அல்ல.

பயத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அங்கே கட்டணம் இல்லை, வருகைப் பதிவேடு இல்லை. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. முதல் நாளில் அவர் வாய் திறக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள், ஆளுக்கொரு கட்டன் சாயா, ‘நான் ஒரு குடிநோயாளி’ என்று தொடங்கித் தன் கதையைச் சொல்லும் ஒருவர், வாடகைக்கும் தேயிலைக்கும் இயன்றதைப் போடக் கடைசியில் சுற்றிவரும் ஒரு பை என்று கூட்டம் எளிமையாகவே இருக்கும். அங்கே கேட்டது அங்கேயே இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய மரபு. இருந்தும் மனம் ஒப்பவில்லை என்றால் தக்கலையையும் தாண்டி நாகர்கோவிலில் ஏதேனும் ஒரு குழுவைத் தேடுங்கள். அவர் குடிப்பது பங்கில் ஏற்கெனவே எல்லாருக்கும் தெரிந்திருக்கும் என்பதையும் சற்று யோசித்துப் பாருங்கள்.

நாற்பது நாள் நிறுத்த முடிந்தவருக்கு நாற்பத்தோராம் நாள்தான் சிக்கல். சபரிமலைக்கு மாலை போட்டு நிறுத்துபவர்களிடமும் இதையே காண்கிறோம்; முடிவு நாள் குறிக்கப்பட்ட விரதத்தில் மனம் அந்த நாளையே எண்ணிக்கொண்டிருக்கிறது. ஏ.ஏ.வில் முடிவு நாள் கிடையாது, ஆயுளுக்குமான சத்தியமும் கிடையாது. ‘இன்று ஒரு நாள் மட்டும் குடிப்பதில்லை’ என்பதே கணக்கு. தவக்காலத்தைக் கடந்து பழகிய உங்கள் கணவருக்கு இது எளிதில் புரியும்.

அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டும் திறந்த கூட்டத்துக்குப் போய் வாருங்கள். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் என்ற தனி அமைப்பு 1951 முதல் இயங்குகிறது. அதில் சேர அவருடைய சம்மதம் தேவையில்லை.

கேள்வி: ஒரு கூட்டத்துக்குப் போனேன். கடவுள், பிரார்த்தனை என்று பேசினார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தொடரலாமா?
– ஒரு வாசகர், குளச்சல்

பதில்: தொடரலாம். குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்துள்ள பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார். ஆனால் ‘நாம் புரிந்துகொண்ட விதத்தில்’ என்ற சொற்களும் உடன் வருகின்றன. அந்தக் குழுவையே தம்மைவிடப் பெரிய சக்தியாகக் கொண்டு குடியை விட்டவர்கள் பலர். ஒவ்வொரு குழுவும் தன்னைத் தானே நடத்திக்கொள்வதால் பேச்சின் தொனியும் குழுவுக்குக் குழு மாறும். இன்னும் இரண்டு மூன்று குழுக்களைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். எங்குமே ஒட்டவில்லை என்றால் மனநல மருத்துவரின் சிகிச்சையும் ஆலோசனையும் இருக்கின்றன. எப்படியானாலும், கூட்டம் முடிந்ததும் நெடுநாள் குடிக்காதிருக்கும் ஒருவரிடம் தொலைபேசி எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்; கூலி கைக்கு வரும் மாலையில், கடைப் பக்கம் திரும்பும் முன் அவரை அழையுங்கள்.