பார்க்கின்சன் நோயில் மூளை புதிய நரம்பணுக்களை உருவாக்குமா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 68. பார்க்கின்சன் நோயால் சட்டைப் பொத்தானைப் போடவும் சிரமப்படுகிறார். அழிந்த நரம்பணுக்கள் மூளையில் மீண்டும் முளைக்கும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். உண்மையா?

பதில்: உறவினர் சொல்வது பாதி உண்மை, ஆனால் உங்கள் தந்தைக்குத் தேவைப்படுவது மற்றப் பாதி. வளர்ந்த மனிதரின் மூளையில், நினைவாற்றலுக்குரிய ஹிப்போகேம்பஸ் பகுதியில் புதிய நரம்பணுக்கள் பிறப்பதாக 1998இல் ஓர் ஆய்வு காட்டியது. 2018இல் வேறோர் ஆய்வு அதை மறுக்க, விவாதம் இன்றும் ஓயவில்லை. பார்க்கின்சன் நோயில் அழிபவையோ நடுமூளையில் சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்னும் பகுதியில் உடல் அசைவைச் சீராக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் அணுக்கள். வெறும் கண்ணுக்கே கருமையாகத் தெரியும் அப்பகுதி, இந்நோயாளிகளிடம் வெளிறிப்போயிருக்கும். அங்கே இழப்பை ஈடுசெய்யும் அளவுக்குப் புதிய அணுக்கள் தாமாக உருவாவதற்கு உறுதியான சான்று இல்லை.

ஆகவேதான் விஞ்ஞானிகள் அணுக்களை வெளியே வளர்த்து மூளைக்குள் வைக்க முயல்கிறார்கள். ஜப்பானின் கியோட்டோவில் பல வகை அணுக்களாக மாறக்கூடிய ஸ்டெம் செல்களிலிருந்து உருவாக்கிய அணுக்களை ஏழு நோயாளிகளுக்குப் பொருத்தி இரண்டாண்டுகள் கண்காணித்ததில், கடுமையான பக்கவிளைவு ஏதும் இல்லை என்றும், அவ்வணுக்கள் டோபமைனைச் சுரந்தன என்றும் 2025இல் அறிவித்தார்கள். நம்பிக்கை தரும் செய்திதான். எனினும் ஏழு பேரை வைத்து முடிவுகட்ட முடியாது. இதைக் காட்டி, ‘ஸ்டெம் செல் ஊசி’ என்று லட்சக்கணக்கில் பணம் கேட்பவர்களிடம் போய்விடாதீர்கள். மூளையில் டோபமைனாக மாறும் லெவோடோபா மாத்திரையை நேரம் தவறாமல் கொடுங்கள். மருத்துவர் சொல்லும் உடற்பயிற்சியையும் விடவேண்டாம்.