உங்கள் இடம் பின் இருக்கை அல்ல

கேள்வி: என் மகனுக்கு 18 வயது முடிந்து, ஓட்டுநர் உரிமம் கைக்கு வந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. பயிற்சிப் பள்ளியில் ஒழுங்காகக் கற்றான். தேர்வில் முதல் முறையிலேயே தேறினான். ஆனாலும் என் பயம் தீரவில்லை. வழுக்கும் சாலையில் காரைக் கட்டுப்படுத்துவது, திடீரென்று பிரேக் பிடிப்பது போன்றவற்றைச் சொல்லித்தரும் உயர்நிலைப் பயிற்சி ஒன்றில் அவனைச் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன். நானும் 22 ஆண்டுகளாகக் கார் ஓட்டுகிறேன். ஆனால் அவன் ஓட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்தால் எங்களுக்குள் சண்டை வந்துவிடுகிறது என்பதால், பின் இருக்கையில் அமர்ந்து கைபேசியைப் பார்த்தபடி வருவேன். அடுத்த மாதம் நண்பர்கள் நால்வரை ஏற்றிக்கொண்டு இரவில் நீண்ட பயணம் போகப்போகிறான். அதற்குள் இந்தப் பயிற்சியை முடித்துவிட்டால் நம்பி அனுப்பலாமா?

பதில்: உயர்நிலைப் பயிற்சியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன அந்தப் பின் இருக்கையைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். 22 ஆண்டுகள் சாலையைப் பார்த்த ஒருவர், உரிமம் வாங்கி நான்கே மாதமான பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் கைபேசியும் கையுமாக உட்கார்ந்துகொண்டு, அவனுக்கு இன்னும் யாரிடம் கற்றுக்கொடுக்கலாம் என்று என்னிடம் விசாரிக்கிறார். இதைப் போன்ற கடிதங்கள் எனக்கு ஓயாமல் வருகின்றன. இன்னொரு வகுப்பு, இன்னொரு சான்றிதழ், இன்னும் பாதுகாப்பான வண்டி என்று எல்லாவற்றையும் கேட்கும் பெற்றோர், தாங்கள் எங்கே உட்கார வேண்டும் என்று மட்டும் கேட்பதில்லை.

பழகுநர் ஒருவர் பக்கத்தில் அனுபவமுள்ள பெரியவர் அமர்ந்திருக்கும் காலத்தில் விபத்துகள் மிகக் குறைவாகவே நடக்கின்றன. உரிமம் கைக்கு வந்து, அந்த இருக்கை காலியான முதல் சில மாதங்களில்தான் ஆபத்து உச்சத்துக்குப் போகிறது. பல நாடுகளின் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்த உண்மை இது. உங்கள் மகன் இப்போது அந்த மாதங்களில்தான் இருக்கிறான். உலக அளவில் 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் உயிரைப் பறிக்கும் காரணங்களில் சாலை விபத்துதான் முதலிடத்தில் நிற்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இதையும் தெரிந்துகொண்டு பின்னால் உட்கார உங்களுக்கு மனம் வருமா?

பயிற்சிப் பள்ளியை நான் குறைத்துச் சொல்லவில்லை. கிளட்சும் கியரும், சாலைக் குறியீடுகளும், வண்டியைப் பின்னோக்கி எடுத்து நிறுத்துவதும் அங்கே முறையாகக் கற்க வேண்டியவை. அவற்றைக் கற்காமல் யாரும் சாலைக்கு வரக்கூடாது. ஆனால் ஓட்டுநர் கல்வியில் பெரிய பங்கு கண்ணுக்கு உரியது. புதிதாக ஓட்டுபவர் பெரும்பாலும் வண்டிக்குச் சற்று முன்னால் உள்ள சாலையையே பார்க்கிறார். அனுபவசாலியின் பார்வை தொலைவுக்கும், இரு ஓரங்களுக்கும், கண்ணாடிகளுக்கும் மாறி மாறிப் போய் வருகிறது. நிறுத்தத்தில் நிற்கும் பேருந்தின் அடியில் இரண்டு கால்கள் நகர்ந்தால், அடுத்த நொடி அதன் முன்புறத்திலிருந்து ஒருவர் சாலைக்கு வருவார் என்று உங்களுக்குத் தெரியும். ஓரமாக நிறுத்தியிருக்கும் காருக்குள் ஒரு தலை தெரிந்தால் அதன் கதவு திறக்கலாம் என்று கருதி, நீங்கள் உங்களை அறியாமலே சற்று விலகி ஓட்டுவீர்கள். உங்கள் மகனுக்கு அது வெறும் பேருந்து, வெறும் கார். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடுகிறது. ஆபத்தைக் கண்டபின் கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அந்தத் தொலைவு கழிந்துவிடும் என்பதால், முன்கூட்டியே பார்க்கத் தெரிந்தவருக்கு மட்டுமே நேரம் கிடைக்கும். இந்தப் பார்வையைச் சில வாரப் பயிற்சியில் எந்தப் பள்ளியாலும் முழுமையாகக் கொடுத்துவிட முடியாது. அது உங்களிடம் இருக்கிறது. நீங்கள் அதைக் கைபேசித் திரையில் செலவழித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இப்போது உங்கள் உயர்நிலைப் பயிற்சிக்கு வருகிறேன். வேண்டாம். நார்வேயில் வழுக்கும் சாலைப் பயிற்சியைக் கட்டாயமாக்கியபோது, இளம் ஆண் ஓட்டுநர்கள் அத்தகைய சாலைகளில் உள்ளான விபத்துகள் குறைவதற்குப் பதிலாகக் கூடின. சறுக்கும் வண்டியை மீட்கத் தெரியும் என்ற எண்ணம் வந்துவிட்டால், சறுக்கும் அளவுக்கு வேகமாகப் போவதில் அச்சம் குறைந்துவிடுகிறது. 18 வயதில், முதல் முறையிலேயே தேறிய பெருமையோடு இருக்கும் பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் தன்னம்பிக்கையைப் பணம் கொடுத்து வாங்கித் தராதீர்கள்.

சுவீடனில் வேறு வழியை எடுத்தார்கள். 1993-இல் பழகத் தொடங்கும் வயதைப் பதினேழரையிலிருந்து 16-ஆகக் குறைத்தார்கள். உரிமம் பெறும் வயதை 18-லேயே வைத்துக்கொண்டார்கள். கூடக் கிடைத்த அந்தக் காலம் முழுவதும் பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓட்டிப் பழகியவர்கள், உரிமம் பெற்றபின் மற்றவர்களைவிடக் குறைவாகவே விபத்துக்கு உள்ளானார்கள். அங்கே பலன் கொடுத்தது நீண்ட காலப் பழக்கமும், பக்கத்தில் பொறுப்புள்ள ஒருவர் இருந்ததும்தான்.

சண்டை வருகிறது என்கிறீர்கள். ஏன் வருகிறது? நீங்கள் கத்துவதால் வருகிறது என்று நினைக்கிறேன், வளைவில் வண்டி திரும்பிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஒருவர் "பார்த்துப் போடா!" என்று கூச்சலிட்டால் யாருக்கும் கை நடுங்கும், கோபமும் வரும். சொல்ல வேண்டியதை வளைவுக்கு முன்பே, குரலை உயர்த்தாமல் சொல்லுங்கள். தவறு நடந்துவிட்டால், உடனடி ஆபத்து இல்லாதவரை, வண்டி நிற்கும்வரை வாயைத் திறக்காமல் இருங்கள்; நிறுத்தியபின், நடந்ததை அவனையே சொல்லவிடுங்கள். ஓட்டும்போது அவன் காண்பதை எல்லாம் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்: முன்னால் போகும் வண்டியின் பிரேக் விளக்கு, ஓரத்தில் பந்தோடு நிற்கும் குழந்தை, கண்ணாடியில் நெருங்கிவரும் இருசக்கர வாகனம். அவன் சொல்லாமல் விட்டது எது என்று உங்களுக்கு உடனே தெரிந்துவிடும். அதுதான் அன்றைய பாடம். முதலில் பகலில், போக்குவரத்துக் குறைந்த சாலைகளில் தொடங்குங்கள். பிறகு நெரிசலில், பிறகு மழையில், கடைசியாக இரவில். உங்கள் கைபேசியை அணைத்துப் பைக்குள் வையுங்கள், ஏனென்றால் பெற்றோர் சாலையில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைப் பிள்ளைகள் தொட்டில் பருவத்திலிருந்தே பார்த்துக்கொண்டு வருகிறார்கள். மகன் முகம் சுளிப்பான் என்பதற்காகத் தந்தை தன் கடமையிலிருந்து விலகிப்போவதை நான் அன்பு என்று ஏற்கமாட்டேன். அவன் தோளுக்கு மேல் வளர்ந்துவிட்டான் என்பது உண்மை. அதனால் உங்கள் பொறுப்பு தீர்ந்துவிட்டது என்பது உண்மை இல்லை.

அடுத்த மாதப் பயணத்துக்கு அவன் ஓட்டிக்கொண்டு போகக்கூடாது. இளம் ஓட்டுநருக்கு இரவும் ஆபத்து, சம வயது நண்பர்களை ஏற்றிக்கொள்வதும் ஆபத்து. நண்பர்களின் எண்ணிக்கை கூடக்கூட உயிரிழப்பு அபாயமும் ஏறுகிறது. நீங்கள் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டு, தூக்கமின்மையையும் அதன்மேல் ஏற்றி அனுப்பப் பார்க்கிறீர்கள். நியூசிலாந்து 1987-இல் படிப்படியான உரிம முறையைக் கொண்டுவந்தபோது, புதியவர்களுக்கு இரவில் தனியே ஓட்டுவதையும் பிறரை ஏற்றிச்செல்வதையும்தான் கட்டுப்படுத்தியது. பின்னர் பல நாடுகள் அதே வழியில் போயின. உங்கள் சட்டம் அவனைத் தடுக்காமல் இருக்கலாம். வீட்டில் நீங்கள் தடுக்கலாம்.

அவன் கோபித்துக்கொள்வான், சில நாட்கள் பேசாமலும் இருப்பான். பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த நான்கு நண்பர்களின் பெற்றோரையும் நீங்களே தொலைபேசியில் அழைத்து, "என் மகன் இரவில் நால்வரை ஏற்றிக்கொண்டு ஓட்டும் அளவுக்கு இன்னும் பழகவில்லை, பிள்ளைகள் பேருந்திலோ ரயிலிலோ போகட்டும்" என்று சொல்லுங்கள். நண்பர்கள் முன்னால் அவன் பின்வாங்கியதாக இருக்க வேண்டாம். தடுத்தவர் அப்பா என்றே இருக்கட்டும். நாளை காலை அவன் வண்டியை எடுக்கும்போது முன் கதவைத் திறந்து, பக்கத்தில் ஏறி உட்காருங்கள்.