பட்டறைப் பக்கம்: ஹெட்டை இறக்கும் முன் காற்றைப் பாருங்கள்

கேள்வி: பழைய அம்பாசடர் ஒன்றை வாங்கி, கூரையை வெட்டித் தாழ்த்தி, முன் மட்கார்டுகளை எடுத்துவிட்டு ஹாட் ராட் (பழைய காரை வேகத்துக்காக மாற்றிக் கட்டுவது) மாதிரி கட்டிக்கொண்டிருக்கிறேன். எஞ்சின் 1.8 லிட்டர் இசுசு பெட்ரோல், கார்புரேட்டர். ரேடியேட்டரைத் தாழ்வாக இறக்கி எலக்ட்ரிக் ஃபேன் போட்டிருக்கிறேன். வாசலில் அரை மணி நேரம் ஐடிலில் ஓடினாலும் சூடேறுவதில்லை. சூளகிரி மேட்டில் ஏறினால் டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போய் வண்டி நின்றுவிடுகிறது. ஆறியதும் ஸ்டார்ட் ஆகிறது. எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கட் போய்விட்டது, ஹெட்டை இறக்கணும் என்கிறார் மெக்கானிக். இறக்கட்டுமா அண்ணா?
– வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: இப்போதைக்கு வேண்டாம் தம்பி. நின்றால் சூடில்லை, ஓடினால் சூடு என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில்தான் விஷயம் இருக்கிறது. கேஸ்கட்டைச் சோதிக்க ஹெட்டைத் தொட வேண்டியதில்லை. காலையில் எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழி தொடர்ந்து வருகிறதா, டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த நிறத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். கம்ப்ரஷன் கேஜ் வைத்து, அடுத்தடுத்த இரண்டு சிலிண்டரில் மட்டும் அழுத்தம் விழுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இந்த மூன்றிலும் கோளாறு இல்லை என்றால் ஹெட்டை விட்டுவிட்டு வெளியே தேடுங்கள். சொந்தமாகக் கட்டும் வண்டியில் எஞ்சின் பெரும்பாலும் நல்லதாகவே இருக்கும். அதைச் சுற்றி நாம் மாற்றியதுதான் படுத்தும்.

முதலில் ஃபேன். ஐடிலில் ஓடவிட்டு, ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு செய்தித்தாளைப் பிடியுங்கள். தாள் ரேடியேட்டரில் ஒட்டிக்கொள்ள வேண்டும். உங்கள் முகத்துக்கு அடித்தால் ஒயர் மாறி ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. நிற்கும்போது எந்தப் பக்கம் காற்று போனாலும் ஓரளவு ஆறும். ஓடும்போது எதிரே வரும் காற்றும் ஃபேன் தள்ளும் காற்றும் மோதி, நடுவில் ரேடியேட்டர் காற்றில்லாமல் நிற்கும். நீங்கள் சொல்லும் அடையாளம் இதற்கு அப்படியே பொருந்துகிறது.

அடுத்தது ரேடியேட்டரின் உயரம். அதன் வாய் எஞ்சினின் தண்ணீர் வழியை விடத் தாழ்ந்துவிட்டால், எஞ்சின் சூடானதும் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் வால்வு பக்கம் காற்று அடைத்துக்கொள்ளும். வாய் வரை ஊற்றினாலும் மேலே தண்ணீர் இருக்காது. எஞ்சினை விட உயரமான இடத்தில் தனியாக ஒரு டேங்க் வைத்து, அதன் வழியாக நிரப்புங்கள். மூடியும் அங்கேயே இருக்கட்டும். சூடாக இருக்கும்போது அந்த மூடியில் கை வைக்கவே கூடாது. கீழ் ஹோஸையும் கவனியுங்கள். வாட்டர் பம்ப் உறிஞ்சும் பக்கம் அது. பழசாகித் தளர்ந்திருந்தால் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது சப்பையாகி ஓட்டத்தை அடைத்துவிடும். இதை வண்டி நின்ற இடத்திலேயே எஞ்சினை ரெய்ஸ் செய்து கண்ணால் பார்க்கலாம்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் போர் தண்ணீர் எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். ஃப்ளோரைடு தொல்லைக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த ஊர்கள் இவை. அந்த உப்புத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் குழாயெல்லாம் வெள்ளையாகப் படிந்துவிடும். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை ரேடியேட்டர் முழுக்கக் காட்டிப் பாருங்கள். நடுவில் ஒரு திட்டு மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே தண்ணீர் ஓடவில்லை. இறக்கி ராடு விட்டுச் சுத்தம் செய்து, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள்.

வண்டி நிற்பது தனிக் கேள்வி. நின்றவுடன் ஏர் ஃபில்டரைக் கழற்றி, எஞ்சின் ஓடாத நிலையில், கார்புரேட்டர் வாய்க்குள் பார்த்தபடி த்ராட்டிலை ஒரு முறை இழுங்கள். பெட்ரோல் பீய்ச்சினால், ஸ்பார்க்குக்குக் கரண்ட் கொடுக்கும் காயிலைச் சந்தேகப்படுங்கள். காயில் சூடானதும் ஸ்பார்க் நின்றுபோய், ஆறினால் பிழைத்துக்கொள்வது வழக்கம். பெட்ரோல் வரவில்லை என்றால் லைனிலேயே ஆவியாகிவிட்டது. எஞ்சினிலிருந்து புகையை வெளியே எடுக்கும், கையால் செய்த எக்ஸாஸ்ட் ஹெடர் குழாய்க்குப் பக்கத்தில் பெட்ரோல் குழாய் போகிறதா? தள்ளிக் கட்டி, இடையில் ஒரு தகடு கொடுங்கள். டேங்க் பக்கத்தில் எலக்ட்ரிக் பம்ப் வைப்பதும் நல்லது. ஆனால் இஞ்ஜெக்‌ஷன் காரில் இருந்து எடுத்த பம்ப் வேண்டவே வேண்டாம். கார்புரேட்டருக்கு மூன்று, நான்கு பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும். அந்தப் பம்ப் நாற்பதுக்கு மேல் தள்ளும். கார்புரேட்டர் வழிந்து, சூடான எக்ஸாஸ்ட்டில் பெட்ரோல் கொட்டினால் வண்டியே எரிந்துவிடும்.

மனம் தளர வேண்டாம். 1932-ல் வந்த ஃபோர்டு வி8 எஞ்சினை வைத்துக் கலிபோர்னியா இளைஞர்கள் பலர் ஹாட் ராட் கட்டினார்கள். அதில் எக்ஸாஸ்ட் வழி எஞ்சின் பிளாக்குக்குள்ளேயே போகும். தண்ணீர் கொதிப்பது அவர்களுக்கும் தீராத தலைவலி.

கேள்வி: இப்படிக் கட்டிய வண்டியை ஆர்.டி.ஓ. ஒத்துக்கொள்வார்களா?
– வாசகர், பர்கூர்

பதில்: கூரையை வெட்டிய வண்டியை ரோட்டுக்குக் கொண்டுவருவது கஷ்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-வது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. எஞ்சின் மாற்றுவதாக இருந்தால், மாற்றுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள், பில்லைப் பத்திரமாக வையுங்கள். காவேரிப்பட்டணம் தம்பிக்கும் இதே பதில்தான். சோதனை ஓட்டம் சொந்த இடத்தில் இருக்கட்டும், சூளகிரி மேட்டில் லாரிகளுக்கு நடுவில் வேண்டாம்.

கேள்வி: எஞ்சின் மாற்றிய ஜீப்பில் செல்ஃப் அடித்தால் ஆக்ஸிலேட்டர் கேபிள் சுடுகிறது. ஏன்?
– வாசகர், பாலக்கோடு

பதில்: எஞ்சினுக்கு எர்த் இல்லை. ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது, சேஸிஸில் புதுப் பெயிண்ட். செல்ஃப் மோட்டார் இழுக்கும் கரண்ட் திரும்ப வேறு வழியில்லாமல் கேபிள் வழியாகப் போகிறது. பேட்டரி கேபிள் அளவுக்குத் தடித்த எர்த் பட்டை ஒன்றை எஞ்சின் பிளாக்கிலிருந்து சேஸிஸுக்குப் போடுங்கள். போல்ட் உட்காரும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி இரும்பு தெரிய வேண்டும். சூடுபட்ட கேபிளையும் மாற்றிவிடுங்கள், உள்ளே உருகியிருந்தால் ஆக்ஸிலேட்டர் மிதித்த இடத்திலேயே சிக்கிக்கொள்ளும்.