‘நல்லாத்தானே ஓடுது’ன்னு சொல்றவங்களுக்கு என்ன சொல்றது?

கேள்வி: அப்பா கம்ப்யூட்டர்ல ப்ரவுசர் அப்டேட் பண்ணி வருஷக்கணக்காச்சு. சொன்னா "நல்லாத்தானே ஓடுது, எதுக்கு நோண்டற"ன்னு முடிச்சிடறார். பேங்க் வேலையும் அதுலதான். எப்படி சம்மதிக்க வைக்கறது?

பதில்: முதல்ல அவர் சொல்றத ஒத்துக்கங்க, உண்மையிலேயே நல்லாத்தான் ஓடும். ஹேக்கர் உள்ள நுழையற மாதிரி ஓட்டை இருக்கற ப்ரவுசரை வெளியிலருந்து பாத்தா ஒன்னுமே தெரியாது, அதான் சிக்கலே. ஒரு ஓட்டைய அடைச்சு அப்டேட் விட்டா அங்க ஓட்டை இருந்துச்சுங்கறதும் வெளிய தெரிஞ்சு போகுது, பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தே அது எங்கன்னு கண்டுபிடிக்கற ஆளுங்க இருக்காங்க, அப்பறம் அவங்க தேடறது அப்டேட் பண்ணாதவங்களத்தான். 2023 செப்டம்பர்ல வெப்பி (WebP) வகை படங்களைத் திறக்கற லைப்ரரில, அதாவது பல சாஃப்ட்வேருங்க பொதுவா எடுத்து உபயோகிக்கற புரோகிராம் துண்டுல, ஒரு ஓட்டை வெளிய வந்துச்சு. குரோம், ஃபயர்பாக்ஸ், எட்ஜ் எல்லாத்துக்குள்ளயும் இருந்தது அதே லைப்ரரிதான். அதுக்குன்னே செஞ்ச படம் இருக்கற பக்கத்தைத் திறந்தாலே ஆபத்து. அந்த ப்ரவுசர் கம்பெனிங்க எல்லாம் சில நாள்லயே அடைச்சிட்டாங்க, உங்க அப்பா மெஷின்ல அது இன்னும் திறந்தே கிடக்கலாம்.

ஆனா இதையெல்லாம் அவர்கிட்ட பாடமா எடுக்காதீங்க. நான் பாத்த வரைக்கும் பெரியவங்க பயப்படறது ஹேக்கருக்கு இல்ல, பழகினது காணாம போயிடுமோன்னுதான். எங்க மாமா புக்மார்க் பேரை படிக்கறதே இல்ல, இடதுபக்கம் இருந்து அஞ்சாவது பேங்க், அவ்ளோதான் அவருக்கு. ஒருநாள் நான் புது ப்ரவுசர் போட்டுக் குடுத்தேன், அந்த வரிசையே தெரியல, சாயந்திரம் வரைக்கும் என்கிட்ட பேசல. தப்பு என்னோடதுதான். அடுத்த தடவ புக்மார்க்கை முதல்லயே எக்ஸ்போர்ட் பண்ணி வெச்சுட்டு, சேவ் ஆன பாஸ்வேர்டெல்லாம் புதுசுக்கு வந்துருச்சான்னு பாத்துட்டு, பக்கத்துலயே உக்காந்து "மாமா, அந்த அஞ்சாவதை நீங்களே அழுத்துங்க"ன்னேன். பேங்க் பக்கம் திறந்துச்சு. அதுக்கப்பறம் ஆட்டோ அப்டேட்டுக்கு அவர் ஒரு வார்த்தை மறுப்பு சொல்லல.

இன்னொன்னு, அது விண்டோஸ் 7 மெஷினா பாருங்க. அதுக்கு குரோம் 109தான் கடைசி, 2023 ஆரம்பத்துல வந்தது. அப்டேட் பட்டனை எத்தன தடவ அழுத்தினாலும் மேல போகாது, விண்டோஸையே மாத்தணும்.

கேள்வி: எங்க ஆபீஸ் பில்லிங் சாஃப்ட்வேர் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர்ல மட்டும்தான் ஓடும். அதனால எல்லா மெஷின்லயும் அதே ப்ரவுசர்தான், மெயில் பாக்கறதும் அதுலயே. முதலாளி மாத்த மாட்டேங்கறார்.

பதில்: உங்க ஆபீஸ் மட்டும் இல்ல. 2001ல வந்த எக்ஸ்ப்ளோரர் 6ஐ பல கம்பெனிங்க பத்து வருஷம் விடாம பிடிச்சிட்டிருந்ததுக்கு காரணமே இந்த மாதிரி உள் சாஃப்ட்வேருங்கதான். கடைசில 2011 மார்ச்சுல மைக்ரோசாஃப்டே "இதை விட்டுடுங்க"ன்னு பிரச்சாரம் பண்ண வேண்டியதாச்சு. எக்ஸ்ப்ளோரர் 11க்கும் 2022 ஜூன் 15ஓட விண்டோஸ் 10ல ஆதரவு முடிஞ்சுது, 2023 பிப்ரவரில எட்ஜ் அப்டேட் மூலமா அதை நிறுத்தியே வெச்சாங்க. உங்க மெஷின்ல இன்னும் திறக்குதுன்னா பெரும்பாலும் மத்த அப்டேட்டும் எதுவும் போகலன்னு அர்த்தம், முதலாளிகிட்ட இதை கண்டிப்பா சொல்லுங்க.

ஆனா பில்லிங்கை தூக்கிப் போடுங்கன்னு போய் நிக்காதீங்க, அவர் பயமே பில் போடறது நின்னுடுமோங்கறதுதான். மைக்ரோசாஃப்டோட எட்ஜ் ப்ரவுசருக்குள்ள ஐஇ மோட்னு ஒன்னு இருக்கு, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் மாதிரியே பக்கத்தைத் திறக்கற வசதி, குறைஞ்சது 2029 வரைக்கும் ஆதரவு தர்றதா சொல்லியிருக்காங்க. பில்லிங் அட்ரஸை மட்டும் ஐஇ மோடுக்கான லிஸ்ட்ல சேத்துட்டா அது பழைய முறையில திறக்கும், எக்ஸ்ப்ளோரருக்குள்ள ஓடற ஆக்டிவ்எக்ஸ்ங்கற பழைய துணை புரோகிராம் கூட ஓடும், மெயிலும் மத்ததும் புது முறையில ஓடும். முதல்ல ஒரே ஒரு மெஷின்ல பண்ணுங்க, அதுவும் பில் போடற ஆளோட மெஷின்லயே, ஏன்னா மாசக் கடைசில பிரிண்ட் சரியா வருதா, ரிப்போர்ட் இறங்குதான்னு அவருக்குத்தான் தெரியும். ஒரு முழு மாசம் ஓடட்டும். எது ஓடல, எது ஓடுதுன்னு அவர் கையால எழுதின பேப்பரை முதலாளிகிட்ட காட்டுங்க, நம்ம பேச்சை விட அதுக்கு மதிப்பு ஜாஸ்தி. கூடவே சாஃப்ட்வேர் எழுதிக் குடுத்தவங்ககிட்ட புது ப்ரவுசருக்கு எப்ப மாத்தித் தருவீங்கன்னு தேதி கேட்டு வாங்கிடுங்க, ஐஇ மோட் நிரந்தரம் இல்ல.

கேள்வி: வெப்சைட் நடத்தறேன். பழைய ப்ரவுசர்ல வர்றவங்களை உள்ளயே விடாம தடுத்துட்டா மாத்திடுவாங்கதானே?

பதில்: மாத்த மாட்டாங்க, வேற சைட்டுக்குப் போயிடுவாங்க. 2012ல ஆஸ்திரேலியாவோட கோகன் ஆன்லைன் கடை எக்ஸ்ப்ளோரர் 7ல வாங்கறவங்களுக்கு 6.8 சதவீதம் கூடுதல் கட்டணம்னு அறிவிச்சுது. செய்தியாச்சு சரி, ஆனா எனக்கு அது பிடிக்கல, ஆபீஸ் மெஷின்ல உக்காந்திருக்கறவர் நெனச்சாலும் ப்ரவுசரை மாத்த முடியாதே. படிக்கற பக்கத்தை எல்லாருக்கும் திறந்து விடுங்க, பணம் கட்டற இடத்துல மட்டும் கறாரா இருங்க. அறிவிப்புல "உங்க ப்ரவுசர் பழசு"ன்னு நிறுத்தாம எது வேலை செய்யாது, எங்க அழுத்தணும், புக்மார்க் அப்படியே இருக்கும்னு எழுதுங்க. கீழ ஒரு வரி சேருங்க: "இது ஆபீஸ் மெஷினா இருந்தா இந்தப் பக்கத்தை உங்க ஐடி ஆளுக்கு அனுப்புங்க."