சாம்பியன் கவுண்டி, தோற்ற ஒருநாள் அணி: சர்ரேயின் 2022 பந்துவீச்சு – கேள்வி பதில்

2022இல் இங்கிலாந்தின் நாலு நாள் தொடரான கவுண்டி சாம்பியன்ஷிப் முதல் டிவிஷனை வென்றது சர்ரே. அதே ஆண்டு ஆகஸ்டில் நடந்த ராயல் லண்டன் ஒருநாள் கோப்பையில் அந்த அணி குரூப் கட்டத்தைக்கூடத் தாண்டவில்லை. ஆகஸ்ட் 14 அன்று ஹோவ் மைதானத்தில் சஸ்ஸெக்ஸ் 378 ரன் குவித்தது. சர்ரே 162க்குச் சுருண்டு 216 ரன் வித்தியாசத்தில் தோற்றது. அந்த சீசனின் பந்துவீச்சைப் பற்றியும், கவுண்டி ஒருநாள் பந்துவீச்சைப் பற்றிப் பொதுவாகவும் வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கேள்வி: நாலு நாள் ஆட்டத்தில் எல்லாரையும் உருட்டி எடுத்த அணி ஐம்பது ஓவரில் ஏன் சார் இப்படி அடி வாங்கியது?

சட்டையில் பெயர் ஒன்றுதான், உள்ளே இருந்த ஆட்கள் வேறு. 2021இல் தொடங்கிய, அணிக்கு 100 பந்து மட்டும் ஆடும் 'தி ஹண்ட்ரட்' போட்டியும் ஒருநாள் கோப்பையும் ஆகஸ்டில் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஹண்ட்ரட் அணிகள் எட்டும் கவுண்டிகளிலிருந்துதான் ஆளை எடுக்கின்றன. 2022இல் சர்ரேயிலிருந்து மட்டும் பத்துப் பேருக்கு மேல் போனார்கள். பந்துவீச்சை மட்டும் பாருங்கள்: ரீஸ் டாப்லி, சாம் கரன், கிறிஸ் ஜோர்டான், கஸ் அட்கின்சன் யாரும் இல்லை. ஆஃப் ஸ்பின் போடக்கூடிய வில் ஜாக்ஸும் இல்லை. புதுப் பந்து, மிடில் ஓவர், டெத் ஓவர் எனப்படும் கடைசிப் பத்து ஓவர் மூன்றுக்கும் பழகிய ஆட்கள் ஒரே வாரத்தில் கிளம்பிவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்களில் பலர் இரண்டாம் அணியிலிருந்து வந்த இளைஞர்கள்.

கேள்வி: அப்படியென்றால் ஹண்ட்ரட் தலையில் பழியைப் போட்டுவிட்டு முடித்துக்கொள்ளலாமே?

முடியாது. 18 கவுண்டிகளும் அதே சிக்கலோடுதான் ஆடுகின்றன. லெஸ்டர்ஷயர் 2023இல் கோப்பையையே வென்றது. டிரென்ட் பிரிட்ஜ் இறுதியாட்டத்தில் அவர்கள் எடுத்தது 267 தான். ஹாம்ப்ஷயருக்குக் கடைசி ஓவரில் 8 ரன் தேவைப்பட்டபோது ஜோஷ் ஹல் என்ற இளம் இடதுகை வேகப்பந்து வீச்சாளரிடம் பந்தைக் கொடுத்தார்கள். 2 ரன்னில் வெற்றி. பெரிய பெயர்கள் குறைவாக இருந்ததால் ஹண்ட்ரட் அவர்களிடமிருந்து அதிகம் பிடுங்கவில்லை என்பது உண்மை. ஆனால் யார் எந்த ஓவரைப் போடுவது என்ற பழக்கம் அந்த அணியில் கலையாமல் இருந்தது. சர்ரே போன்ற பெரிய கவுண்டி ஜூலை கடைசியில் புது அணியைக் கட்டத் தொடங்கினால் அந்தப் பழக்கம் வருவதற்குள் பாதித் தொடர் ஓடிவிடும். ஒவ்வொரு அணிக்கும் குரூப்பில் இருப்பதே 8 ஆட்டம்.

கேள்வி: ஹோவ் ஆட்டத்தில் சஸ்ஸெக்ஸ் 9 ரன்னுக்கு 2 விக்கெட் என்று இருந்ததே. அங்கிருந்து எப்படி விட்டார்கள்?

அந்த சீசனில் மிகவும் வலிக்கிற இடம் இதுதான். புதுப் பந்து வேலை செய்தது. அதன் பிறகு புஜாராவும் டாம் கிளார்க்கும் மூன்றாவது விக்கெட்டுக்கு 205 ரன் சேர்த்தார்கள். புஜாரா 131 பந்தில் 174, கிளார்க் 104. இரண்டாவது விக்கெட் விழுந்த பிறகு 369 ரன் போனது, விழுந்ததோ இன்னும் நான்கே விக்கெட்.

வெள்ளை கூக்கபரா பந்து முதல் ஏழெட்டு ஓவருக்கு ஸ்விங் ஆகும், பிறகு நேராகப் போகும். 11ஆவது ஓவரிலிருந்து வட்டத்துக்கு வெளியே நான்கு பேரை நிறுத்தலாம். அனுபவம் குறைந்த அணி உடனே நான்கு பேரையும் எல்லைக்கோட்டுக்கு அனுப்பிவிட்டு, ஓவருக்கு ஐந்து ரன் போனால் போதும் என்று மூச்சு விடும். அந்த ஐந்து ரன்னுக்குப் பேட்ஸ்மேன் எந்த ஆபத்தும் எடுக்க வேண்டியதில்லை. தட்டிவிட்டு ஓடினாலே வரும். 35 ஓவர் வரை இப்படிப் போய், கையில் 8 விக்கெட்டோடு இருவர் நிலைத்து நின்றால், கடைசி 15 ஓவரில் ஓவருக்குப் பத்து, பன்னிரண்டு கொடுப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. அந்த ரன்னெல்லாம் டெத் பவுலரின் கணக்கில் ஏறும். தவறு நடந்தது 15ஆவது ஓவருக்கும் 30ஆவது ஓவருக்கும் நடுவில்.

கேள்வி: மிடில் ஓவரில் விக்கெட் எடு என்று எல்லாரும் சொல்கிறார்கள். எப்படி எடுப்பது?

சிங்கிளை நிறுத்தினால் விக்கெட் வரும். புஜாராவின் 174இல் 20 ஃபோர், 5 சிக்ஸர், அதாவது 110 ரன் பவுண்டரியில். மீதி 64 ரன் ஓடி எடுத்தவை. 2023இல் நார்தாம்ப்டன்ஷயருக்காக சாமர்செட்டுக்கு எதிராகப் பிருத்வி ஷா அடித்த 244 வேறு மாதிரி. 153 பந்தில் 28 ஃபோர், 11 சிக்ஸர். 39 பந்தில் 178 ரன் வந்துவிட்டது, மற்ற 114 பந்தில் 66 தான். இந்த இருவருக்கும் ஒரே ஃபீல்டிங் வைக்க முடியாது.

புஜாரா வகை ஆளுக்கு மிட்விக்கெட்டையும் கவரையும் வட்டத்துக்குள் நெருக்கமாக வையுங்கள், முப்பது கெஜக் கோட்டில் நிறுத்தாமல் இருபது, இருபத்தைந்து கெஜத்தில். சுழல் போடும்போது ஒரு ஸ்லிப் நிற்கட்டும். வேகப்பந்து ஸ்டம்ப்புக்கு ஆறிலிருந்து எட்டு மீட்டர் முன்னால் விழ வேண்டும். மேலே தூக்கி அடித்துப் பார் என்று அவரை அழைப்பதுதான் திட்டம். ஒரு பவுண்டரி போனவுடன் கேப்டன் பயந்து ஆளைப் பின்னால் அனுப்பிவிட்டால் திட்டம் செத்தது. குறைந்தது மூன்று ஓவராவது பொறுக்க வேண்டும்.

ஷா வகைக்கு இது எடுபடாது. அவருக்கு அகலமான பந்தைக் காட்டவே கூடாது. உடம்புக்குள் வரும் ஷார்ட் ஆஃப் லென்த் (கொஞ்சம் முன்னதாகவே பிட்ச் ஆகி எழும் பந்து), எல்லைக்கோட்டில் டீப் ஸ்கொயர் லெக், டீப் மிட்விக்கெட், விரலால் வெட்டி வேகத்தைக் குறைத்த கட்டர். சிங்கிளைத் தாராளமாகக் கொடுத்து எதிர்முனைக்காரரைக் குறிவைக்க வேண்டும். சாமர்செட் அன்று 415 ரன் கொடுத்து 87 ரன்னில் தோற்றது. அதற்குச் சில வாரம் முன்புதான் டி20 பிளாஸ்ட் கோப்பையை வென்றிருந்தது. ஹண்ட்ரடால் சர்ரேக்கு நேர்ந்ததுதான் அவர்களுக்கும்.

லெக் ஸ்பின்னர் கிடைத்தால் வேலை பாதி முடிந்தது. 2024 ஆகஸ்டில் கேன்டர்பரியில் சஹல் 14 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்து கென்ட்டை 82க்குச் சுருட்டினார்.

கேள்வி: ஐந்து பவுலர்களின் ஓவரை எப்படிப் பிரிப்பது? எங்கள் கிளப் கேப்டன் எப்போதும் 42ஆவது ஓவரில் மாட்டிக்கொள்கிறார்.

ஒருவருக்கு உச்சவரம்பு 10 ஓவர். தாளில் எழுதிக்கொண்டு இறங்கச் சொல்லுங்கள். புதுப் பந்து போடும் இருவருக்கும் தலா 4, மொத்தம் 8. ஒன்பதாவது, பத்தாவது ஓவர் மூன்றாவது சீமருக்கு (வேகப்பந்து வீச்சாளருக்கு). 11 முதல் 40 வரை உள்ள 30 ஓவரில் முதன்மைச் சுழலுக்கு 10, மூன்றாவது சீமருக்கு 6, ஐந்தாவது பவுலருக்கு 8, பகுதிநேரப் பவுலருக்கு 2. மிச்சம் 4 ஓவரைப் புதுப் பந்துக்காரர்கள் தலா 2 என்று பகிரட்டும். அந்த ஓவர்கள் ஜோடியை உடைக்க மட்டும்தான். கடைசிப் பத்தில் அவர்களுக்குத் தலா 4, மூன்றாவது சீமருக்கு 2. கூட்டிப் பாருங்கள், 50 வரும்.

எங்கே கோளாறு என்றால், முதல் ஸ்பெல்லில் (ஒரு முனையில் தொடர்ந்து போடும் ஓவர்களில்) ஒருவர் நன்றாகப் போடுகிறார், விக்கெட் விழும்போல இருக்கிறது, கேப்டன் ஐந்தாவது ஓவரும் ஆறாவது ஓவரும் கொடுத்துவிடுவார். விழுந்தால் சரி. விழாவிட்டால் நடுவில் ஜோடியை உடைக்க மறுபடி அவரைத்தான் கூப்பிட வேண்டும், அதில் மூன்று ஓவர் போகும். கடைசியில் அவரிடம் ஒரே ஓவர்தான் மிஞ்சும். 46, 48, 50ஆவது ஓவர்களை ஐந்தாவது பவுலர் போடுவார். இரண்டாவது கோளாறு, பகுதிநேரப் பவுலரை 38ஆவது ஓவருக்குத் தள்ளிப்போடுவது. அவருடைய இரண்டு ஓவரை 11க்கும் 20க்கும் நடுவில், புது பேட்ஸ்மேன் வந்தவுடன் முடித்துவிட வேண்டும்.

கேள்வி: அண்ணை, நாங்கள் லண்டனில இருக்கிறம், சர்ரே ஆட்டம்தான் பார்க்கிறனாங்கள். ஒரு பெரிய தோல்வி ரன் ரேட்டை எவ்வளவு பாதிக்கும்?

நிறையவே. 162க்கு ஆல் அவுட் ஆனால் எத்தனை ஓவரில் ஆனாலும் 50 ஓவர் ஆடியதாகவே கணக்கு. அன்றைக்கு மட்டும் சஸ்ஸெக்ஸ் 7.56, சர்ரே 3.24. வித்தியாசம் மைனஸ் 4.32. எட்டு ஆட்டமும் முழு 50 ஓவர் நடந்தால் மொத்தம் 400 ஓவர். 216ஐ 400ஆல் வகுத்தால் 0.54. ஒரே ஆட்டம் மொத்த ரன் ரேட்டிலிருந்து 0.54ஐக் கழித்துவிடும். அதை ஈடுகட்ட 72 ரன் வித்தியாசத்தில் மூன்று வெற்றி வேண்டும். ஒன்பது அணிகளில் முதல் மூன்றுதான் மேலே போகும் என்னும்போது இது சின்ன விஷயம் இல்லை. எனவே 378ஐத் துரத்த முடியாது என்று 25ஆவது ஓவரிலேயே தெரிந்துவிட்டால் 50 ஓவரும் நின்று 260 எடுப்பதுதான் புத்தி.

கேள்வி: சின்ன மைதானங்கள் ஒரு காரணமா?

ஓரளவு. சர்ரேயின் சொந்த மைதானமான ஓவல் ஹண்ட்ரட் ஆட்டங்களுக்கும் களம் என்பதால் ஆகஸ்டில் கில்ட்ஃபோர்டு போன்ற இடங்களுக்கும் போக வேண்டியிருக்கிறது. மிடில்செக்ஸ் ராட்லெட்டுக்கும், கிளமோர்கன் நீத்துக்கும் போகின்றன. ஆனால் சின்ன மைதானம் எதிரணிக்கும் சின்னதுதான். 2002இல் ஓவலிலேயே ஒரு பக்கம் எல்லைக்கோடு நெருங்கியிருந்த நாளில் சர்ரே 438 எடுத்தது, கிளமோர்கன் 429 வரை வந்துவிட்டது. அந்த அடிதடியிலும் ஆடம் ஹோலியோக் 77 ரன் கொடுத்து 5 விக்கெட் எடுத்தார், சர்ரே 9 ரன்னில் ஜெயித்தது. ஓவருக்கு எட்டு போனாலும் விக்கெட் எடுப்பவனால்தான் அணி பிழைத்தது.

கேள்வி: அந்த ஆட்டத்தில்தானே சர்ரேயின் அலி பிரவுன் 268 அடித்தார்?

ஆமாம். லிஸ்ட் ஏ எனப்படும் உயர்நிலை ஒருநாள் ஆட்டங்களில் அதுதான் தனிநபர் உச்சமாக 20 ஆண்டு நின்றது. 2022 நவம்பரில் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக நம்ம தமிழ்நாட்டு ஜெகதீசன் 277 அடித்து அதை முறியடித்தார்.

கேள்வி: இளம் பவுலர்கள் தொடரின் நடுவில் காயம்பட்டு உட்கார்ந்துவிடுகிறார்களே, ஏன்?

டி20இல் ஒருவர் போடுவது 24 பந்து. ஐம்பது ஓவர் ஆட்டத்தில் 60. ஜூலை வரை வாரத்துக்கு 8 ஓவர் போட்ட பையன் திடீரென்று மூன்று நாளுக்கு ஒருமுறை 10 ஓவர் போட்டால் முதலில் கீழ்முதுகுதான் கேட்கும். வளர்ந்து முடியாத எலும்பில் விரிசல் விழுந்தால் பல மாதம் போய்விடும். தொடர் தொடங்க நான்கு வாரம் இருக்கும்போதே வலைப்பயிற்சியில் பந்து எண்ணிக்கையை வாரத்துக்கு சுமார் பத்து சதவீதம் என்று ஏற்ற வேண்டும். அதில் ஒரு நாளாவது முழு வேகத்தில் 6 ஓவர், ஒரு மணி இடைவெளி, மறுபடி 4 ஓவர் போடச் சொல்ல வேண்டும். உடம்பு ஆறிய பிறகு திரும்ப வந்து போடும் இரண்டாவது ஸ்பெல்லில்தான் வேகமும் லென்த்தும் விழும், காயமும் அங்கேதான் வரும். ஃபீல்டிங்கையும் மறக்கக் கூடாது. லங்காஷயருக்கு ஆடிய வாஷிங்டன் சுந்தருக்கு 2022 ஆகஸ்டில் தோளில் அடிபட்டது பந்து போட்டதால் அல்ல, டைவ் அடித்ததால்.

கேள்வி: டெத் ஓவருக்கு ஒரு பயிற்சி சொல்லுங்கள் சார். யார்க்கர் போடப் போனால் ஃபுல் டாஸாகவே விழுகிறது.

பந்தைச் சீக்கிரம் விடுகிறீர்கள். களைத்த கை மேலேயே திறந்துகொள்ளும், பந்து மிதந்து வரும். கிரீஸ் கோட்டிலிருந்து முன்னால் ஒரு மீட்டர் வரை சுண்ணாம்பால் ஒரு பட்டை போடுங்கள், அகலம் ஆஃப் ஸ்டம்ப்புக்கு வெளியே ஒரு முழம் வரை. பயிற்சியின் தொடக்கத்தில் இதைச் செய்யாதீர்கள். ஐந்து ஓவர் போட்டுக் களைத்த பிறகு, பந்தை வாளித் தண்ணீரில் முக்கி எடுத்து, 12 பந்து போடுங்கள். பட்டையில் விழுந்தால் 1, ஃபுல் டாஸுக்கும் வைடுக்கும் மைனஸ் 2. தொடர்ந்து மூன்று நாள் 6க்கு மேல் வந்தால் ஆட்டத்தில் யார்க்கரை நம்பலாம். அதுவரை கடினமாகப் பிட்ச்சில் குத்தும் ஷார்ட் ஆஃப் லென்த்தும், அதே கை வேகத்தில் ஆஃப் கட்டரும் போதும்.

பேட்ஸ்மேன் கிரீஸுக்குள் ஆழமாகப் போய் நின்றால் கோட்டில் விழும் யார்க்கர் அவருக்கு அடிக்க வசதியான அரை வாலியாகிவிடும். ஓடி வரும்போதே அவர் பின்காலைப் பாருங்கள். ஸ்டம்ப்பை ஒட்டி இருந்தால் யார்க்கரை விட்டுவிட்டு அகலமாக, மெதுவாகப் போடுங்கள், ஆனால் பாயிண்டும் தேர்ட் மேனும் எல்லைக்கோட்டில் இருக்கிறார்களா என்று பார்த்த பிறகு.